கை மட்டும் மரத்துப்போனால் போதும்: மலையூர் மருத்துவமனையில் பியர் பிளாக் செய்யும் முறை

நீலகிரியில் கையில் காயம்பட்டு வருபவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கவாத்து வெட்டும்போது கத்தி தவறியவர், கொழுந்து கத்தரிக்கும்போது இடக்கை விரலைக் கொடுத்தவர், கேரட் வயலில் முள் ஏறி உள்ளேயே முறிந்தவர், ஜூலை மழையில் தோட்டத்துப் படிக்கட்டில் வழுக்கி மணிக்கட்டை ஊன்றி விழுந்தவர் என ஒரு வாரத்தில் பலரைப் பார்க்கலாம். இவர்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது இருபது முதல் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும் சிறிய அறுவைச் சிகிச்சைதான். அதற்காக முழு மயக்கம் கொடுப்பதும், மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூருக்கு அனுப்புவதும் பெரும்பாலும் தேவையற்றவை. கையை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே வேலையை முடித்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பலாம். அவ்வகை முறைகளில் எளியதும் பழையதும் ஆகிய, பியர் பிளாக் என்று ஆபரேஷன் தியேட்டரில் நாம் சொல்லும் சிரைவழி வட்டார மரப்பு முறையைப் பற்றியது இக்குறிப்பு.

மலையிலுள்ள சிறு மருத்துவமனைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் மருத்துவர்கள், செவிலியர்கள், தியேட்டர் உதவியாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மூத்த மயக்கவியல் மருத்துவர் ஒருவரின் பக்கத்தில் நின்று சிலமுறையாவது பார்த்து, பிறகு அவர் பக்கத்தில் நிற்கச் செய்து பழகிய பின்பே இதைத் தனியாகச் செய்ய வேண்டும். படித்தவுடன் செய்துவிடலாம் என்று தோன்றும் அளவுக்கு இம்முறை எளிதாக இருப்பதுதான் இதிலுள்ள முதல் ஆபத்து.

முறை எப்படி வேலை செய்கிறது

மேற்கையில் காற்றுப்பட்டை ஒன்றைக் கட்டி, கையிலிருக்கும் இரத்தத்தை வடித்துவிட்டு, பட்டையை இறுக்கி, காலியாக இருக்கும் சிரைகளுக்குள் நீர்த்த லிக்னோகெயின் என்னும் மரப்பு மருந்தைச் செலுத்துகிறோம். சிரைகளிலிருந்து நுண்குழல்கள் வழியாக மருந்து நரம்புகளுக்குள் ஊறுகிறது. ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் பட்டைக்குக் கீழுள்ள கை முழுவதும் மரத்துத் தளர்ந்துவிடுகிறது. பட்டையை அவிழ்த்தால் மருந்து உடலோடு கலந்து, சில நிமிடங்களில் உணர்வு திரும்பிவிடும். ஆகவே, பட்டை காற்றைப் பிடித்து வைத்திருக்கும் வரைதான் மருந்து கைக்குள் நிற்கும். பட்டை ஏமாற்றினால், கைக்கென்று கொடுத்த மருந்து முழுவதும் ஒரே மூச்சில் இதயத்துக்கும் மூளைக்கும் போய்ச் சேரும். இதிலுள்ள நல்லதும் கெட்டதும் அந்த ஒரு பட்டையில்தான் இருக்கின்றன.

ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர் 1908இல் இதை அறிவித்தார். முதுகுத் தண்டுவழி மரப்பை 1898இல் செய்து காட்டியவரும் அவரே. எஸ்மார்க் எனப்படும் இறுக்கமான ரப்பர் கட்டுகள் இரண்டுக்கு நடுவே புரோகெயின் என்னும் மரப்பு மருந்தைச் செலுத்தியது அவருடைய வழி. பிறகு பல ஆண்டுகள் பெரிதும் கைவிடப்பட்டிருந்த இம்முறைக்கு, லிக்னோகெயினைக் கொண்டு 1963இல் ஹோம்ஸ் என்பவர் மறுவாழ்வு கொடுத்தார். நீண்ட நேரம் மரப்பு நிற்கும் என்ற ஆசையில் சிலர் புபிவகெயின் என்னும் வேறொரு மரப்பு மருந்துக்கு மாறியபோது பிரிட்டனில் உயிரிழப்புகள் நேர்ந்தன; 1980களின் தொடக்கத்தில் அவை வெளியே தெரிந்த பின் இம்முறையில் அந்த மருந்து விலக்கப்பட்டது. இன்றும் விலக்கப்பட்டதே. பியர் பிளாக் செய்யும் மேசையில் புபிவகெயின் குப்பி இருக்கவே கூடாது என்பதை நான் ஒரு விதியாக வைத்திருக்கிறேன்; இரண்டு குப்பிகளும் இரவு இரண்டு மணிக்கு ஒன்றுபோலவே தெரியும்.

பட்டையைச் சுற்றும் முன் கேட்க வேண்டியது

சமவெளியில் படித்துவிட்டு இங்கே வரும் மருத்துவர்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோன ஒன்று இந்த மலையில் முதல் கேள்வியாக ஆகிறது. அது அரிவாள் செல் நோய். இந்தியாவில் இந்நோய்க்கூறு முதன்முதலாக அறியப்பட்டதே நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். லெஹ்மன், கட்புஷ் ஆகிய இருவரும் 1952இல் அதை வெளியிட்டனர். இருளர், பணியர், குறும்பர் ஆகியோரிடமும், கூடலூர் பக்கத்தில் வயநாடன் செட்டி சமூகத்தினரிடமும் இது காணப்படுகிறது. பழங்குடியினர் அல்லாதவருக்கு வராது என்று முடிவு கட்டிவிடுவதும் தவறு.

இதற்கும் நம் பட்டைக்கும் என்ன தொடர்பு? ஆக்சிஜன் குறைந்த, குளிர்ந்த, அமிலத்தன்மை கூடிய இரத்தத்தில் இந்நோயாளிகளின் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து நுண்குழல்களை அடைத்துக்கொள்ளும். இறுக்கிய பட்டைக்குக் கீழே அரை மணி நேரம் தேங்கி நிற்கும் இரத்தம் இந்த மூன்று தன்மைகளையும் ஒருசேரப் பெற்றுவிடுகிறது. எனவே அரிவாள் செல் நோய் உள்ளவருக்கு நான் பியர் பிளாக் செய்வதில்லை. நோய் இல்லாமல் மரபுக்கூறு மட்டும் உள்ளவர்களுக்கு, இரத்தத்தை நன்றாக வடித்து, உடலை வெதுவெதுப்பாக வைத்து, ஆக்சிஜன் கொடுத்துப் பட்டை கட்டுபவர்கள் உண்டு. அதில் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை என்பதும் அறிந்ததே. இருந்தாலும், வேறு நல்ல வழி கையிலிருக்கும்போது அந்தச் சோதனையில் இறங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். “உங்களுக்கு அரிவாள் செல் இரத்தசோகை உண்டா?” என்று கேட்டால் பாதிப்பேர் இல்லை என்றே தலையாட்டுவார்கள். “சிக்கிள் டெஸ்ட் எடுத்திருக்கீங்களாம்மா? கார்டு குடுத்தாங்களா?” என்று கேட்டால் பையிலிருந்து அட்டை வெளியே வரும். 2023 ஜூலையில் தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தின் பரிசோதனைகளில் அட்டை பெற்றவர்கள் இப்போது பலர். அட்டை இல்லாதவர்களிடம், குளிர் காலத்தில் கை கால் எலும்புகள் தாங்க முடியாமல் வலித்ததுண்டா, கண் மஞ்சளானதுண்டா, இரத்தம் ஏற்றியதுண்டா, வீட்டில் அண்ணன் தம்பி யாருக்காவது இப்படி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கரைதிறன் சோதனை என்னும் இரத்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஐயம் இருந்தால் அதைச் செய்த பிறகே பட்டையைத் தொட வேண்டும். ஆனால் அச்சோதனை நோயையும் மரபுக்கூறையும் பிரித்துக் காட்டாது என்பதை நினைவில் வைத்து, அது காட்டினால் அன்றைக்கு வேறு வழியையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மற்ற தடைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். லிக்னோகெயின் ஒவ்வாமை, இதயத்தின் மின் கடத்தலில் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலை அடைப்பு, கட்டுப்படாத வலிப்பு நோய், மிக உயர்ந்த இரத்த அழுத்தம், கையின் இரத்தக்குழாய் நோய், டயாலிசிஸுக்காக இணைப்புச் செய்த கை, மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கை ஆகியவற்றில் இதைச் செய்யக் கூடாது. தேயிலைத் தொழிற்சாலை உருளையில் நசுங்கிய கைக்கும் செய்யக் கூடாது. ஏற்கெனவே இரத்த ஓட்டம் தடுமாறும் சதையை மேலும் பட்டினி போடுவதாகும் அது, கிழிந்த சிரைகள் வழியாக மருந்தும் வெளியே ஒழுகிவிடும். சிறு குழந்தைகளுக்கும், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை சரியாக உட்காராத அளவுக்குப் பருத்த கைக்கும் இது ஒத்துவராது. ஒரே ஒரு விரலில்தான் வேலை என்றால் விரலின் அடியில் போடும் ஊசியே போதும்; ஈயை அடிக்க உலக்கை எடுக்க வேண்டியதில்லை.

வெறும் வயிறும் பால் டீயும்

கைதானே மரக்கிறது, வயிறு எதற்குக் காலியாக இருக்க வேண்டும் என்று நோயாளிகள் கேட்பது நியாயமே. மரப்பு போதாமல் முழு மயக்கத்துக்குப் போக நேரலாம். மருந்து உடலில் கலந்து வலிப்பு வந்தால் வயிற்றிலுள்ளது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். ஆகவே திட உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம் என்ற வழக்கமான விதியே இங்கும் பொருந்தும். இந்த ஊரில் இவ்விதி உடைவது சோற்றினால் அன்று, டீயினால். “ஒண்ணும் சாப்பிடல சார், டீ மட்டும்தான் குடிச்சேன்” என்பவர் குடித்தது பால் டீ. பால் கலந்தால் அது உணவுக் கணக்கில்தான் சேரும். கட்டன் சாயா என்றால் இரண்டு மணி நேரம் போதும். முந்தைய நாளே இந்த வேறுபாட்டைச் சொல்லி அனுப்பினால் காலையில் பட்டியலை மாற்ற வேண்டியிராது.

மேசையில் என்னென்ன இருக்க வேண்டும்

முதலில் இரட்டைப் பட்டை. மேலும் கீழுமாக இரண்டு காற்றறைகள் உள்ள பட்டையே வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்கும் சாதாரணப் பட்டையைக் கட்டி, குழாயை இடுக்கியால் கவ்வி வைத்துச் சமாளிப்பது பழைய காலத்துப் பழக்கம், அதை விட்டுவிட வேண்டும். நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே இரண்டு அறைகளையும் 300 மி.மீ. பாதரசம் வரை ஏற்றி ஐந்து நிமிடம் மேசைமேல் வைத்து, மானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறிய மருத்துவமனையில், அவசரத்தில் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டேன். மருந்து செலுத்திப் பன்னிரண்டாவது நிமிடத்தில் அந்த அம்மா, “வாயெல்லாம் ஒரு மாதிரி இரும்பு நக்குன மாதிரி இருக்கு டாக்டர்” என்றார். திரும்பிப் பார்த்தால் முள் 250இலிருந்து 140க்கு வந்திருந்தது. உடனே ஆளை வைத்து மீண்டும் ஏற்றி, ஆக்சிஜன் வைத்து, அரை மணி நேரம் அவருடைய நாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வேறொன்றும் நேரவில்லை. பட்டையின் குழாய் இணைப்பில் மயிரிழை வெடிப்பு இருந்ததைப் பிறகு கண்டுபிடித்தோம். அவர் வாய்விட்டுச் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

மின்சாரத்தில் இயங்கும் காற்றேற்றி இருந்தாலும், கையால் ஏற்றும் பம்பும் மானியும் பக்கத்தில் இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக் காற்றில் மரம் விழுந்து மின்கம்பி அறுவது இங்கே புதிதன்று. இளையவர்கள் சிலர் கேட்கும் ஒரு கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன்: உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 580 மி.மீ. பாதரசம்தான், அதனால் பட்டையின் அழுத்தத்தை மாற்றிக் கணக்கிட வேண்டுமா? வேண்டியதில்லை. மானி காட்டுவது சுற்றுக் காற்றுக்கு மேலான அழுத்தத்தை. நோயாளியின் இரத்த அழுத்தத்தையும் அதே கணக்கில்தான் அளக்கிறோம். உயரம் வேறுபாடு காட்டுவது விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியில். சமவெளியைவிட ஓரிரு புள்ளி குறைந்து தொடங்கலாம், ஆகவே தொடக்க அளவை முதலிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஈசிஜி, இரத்த அழுத்த மானி, ஆக்சிஜன் மானி மூன்றும் மாட்டியிருக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர், முகமூடியும் பையும், உறிஞ்சு கருவி, மூச்சுக்குழல் பொருத்தும் கருவிகள், மிடாசோலம், அட்ரினலின், அட்ரோபின், 20 விழுக்காடு கொழுப்புக் குழம்பு ஆகியவை அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். “ஸ்டோரில் இருக்கிறது” என்பது இல்லை என்பதற்குச் சமம். ஆட்கணக்கும் இதில் சேரும். கத்தி பிடிப்பவரே மரப்பும் கொடுத்துப் பட்டையையும் பார்த்துக்கொள்வது கூடாது. பட்டைக்கும் நோயாளிக்கும் என்றே ஒரு மருத்துவர் தனியாக இருந்தாக வேண்டும். அப்படி ஒருவர் அன்றைக்கு இல்லையென்றால் அன்றைக்குப் பியர் பிளாக் இல்லை.

மருந்தின் கணக்கு

பயன்படுத்துவது 0.5 விழுக்காடு லிக்னோகெயின். எடைக்குக் கிலோவுக்கு 3 மி.கி. என்பது மேல்வரம்பு. நம் கையில் கிடைப்பது பெரும்பாலும் 2 விழுக்காட்டுக் குப்பி. அதில் 10 மி.லி. எடுத்து 30 மி.லி. சலைனுடன் கலந்தால் 0.5 விழுக்காட்டில் 40 மி.லி. கிடைக்கும், ஒரு மி.லி.யில் 5 மி.கி. இருக்கும். இந்த நாற்பதையும் அப்படியே எல்லோருக்கும் ஏற்றிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. 40 மி.லி. என்றால் 200 மி.கி.; அது 67 கிலோ எடையுள்ளவருக்கு உரிய அளவு. நாம் பார்க்கும் கொழுந்து பறிக்கும் பெண்களில் பலர் நாற்பது, நாற்பத்தைந்து கிலோவைத் தாண்டுவதில்லை. நாற்பது கிலோ எடையுள்ளவருக்கு 120 மி.கி., அதாவது 24 மி.லி.தான் வரம்பு. கொழுந்தை எடைபோட்டுக் கூலி கொடுக்கும் ஊரில் நோயாளியை எடைபோடாமல் மருந்து கொடுப்பது சரியன்று. எடை இயந்திரத்தைத் தியேட்டர் வாசலிலேயே வையுங்கள்.

குப்பியை எடுத்ததும் இரண்டு பேர் வாய்விட்டுப் படிக்க வேண்டும்: மருந்தின் பெயர், விழுக்காடு, காலாவதி நாள், அட்ரினலின் கலக்காதது என்ற செய்தி. பலமுறை பயன்படுத்துவதற்கான குப்பிகளில் கெடாமல் காக்கும் பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். சிரைக்குள் செலுத்துவதற்கு அது இல்லாத குப்பியே ஏற்றது. கலந்த சிரிஞ்சின்மேல் பெயரெழுதி ஒட்டிய பிறகே அதைக் கீழே வைக்க வேண்டும்.

செய்முறை

நோயாளியிடம் முதலில் என்ன நடக்கப்போகிறது என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். கை கனத்துப்போகும், தன் கையே தனதில்லை என்பது போலத் தோன்றும், தொடுவது தெரியலாம் ஆனால் வலிக்காது, மேற்கையில் பட்டை இறுக்குவது சங்கடமாக இருக்கும் என்பவற்றை முன்பே சொல்லிவிட்டால் பிறகு பதறமாட்டார்கள். காது இரைந்தாலோ, வாய் மரத்தாலோ, இரும்புச் சுவை தெரிந்தாலோ, தலை சுற்றினாலோ உடனே சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை சொல்லுங்கள். பணியர் மொழியோ படுக மொழியோ மட்டும் இயல்பாகப் பேசும் பெரியவர் என்றால், அந்த மொழி தெரிந்த செவிலியரைத் தலைமாட்டில் உட்கார வைப்பது எந்தக் கருவியையும்விடப் பயன்படும்.

இரண்டு கைகளிலும் வென்ஃப்ளான், அதாவது சிரைக்குள் மருந்து செலுத்தும் சிறு குழல், வேண்டும். நல்ல கையில் போடுவது, ஆபத்து வந்தால் மருந்து கொடுப்பதற்கு. காயப்பட்ட கையில் 22 எண் அளவுள்ள சிறியதைப் புறங்கையில், அறுவை செய்யும் இடத்தை விட்டு, கூடியவரை விரல் பக்கமாகப் போட வேண்டும். முழங்கை மடிப்பில் போட்டால் செலுத்தும் அழுத்தத்தில் மருந்து பட்டைக்கு அடியில் நுழைந்து தப்பிவிட வாய்ப்பு அதிகம். டிசம்பர், ஜனவரியில் உறைபனிக் காலையில் வரும் கைகளில் சிரையே தெரியாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடம் சுற்றி வைத்தால் சிரை எழும்பும். தியேட்டரில் ஹீட்டர் போட்டு, நோயாளிக்குக் கம்பளி போர்த்திய பிறகு தேடினால் ஒரே குத்தில் கிடைக்கும். குளிரில் நடுங்கும் கையை நாலு முறை குத்தியவரிடம் பிறகு ஒத்துழைப்பை எதிர்பார்க்க முடியாது.

மேற்கையில் பஞ்சுப் பட்டையைச் சுருக்கமில்லாமல் சுற்றி அதன்மேல் இரட்டைப் பட்டையைக் கட்டுங்கள். கையை இரண்டு மூன்று நிமிடம் உயர்த்திப் பிடித்து, விரல் நுனியிலிருந்து பட்டை வரை எஸ்மார்க் ரப்பர் கட்டை இறுக்கமாகச் சுற்றி இரத்தத்தை வடியுங்கள். மணிக்கட்டு முறிவு போன்று கட்டுச் சுற்றினால் உயிர் போகும் வலி உள்ளவர்களுக்கு, கையை உயர்த்தி, மேற்கைத் தமனியை விரலால் அழுத்திக்கொண்டு சில நிமிடம் வைத்திருந்தாலே ஓரளவு வடிந்துவிடும். பிறகு மேல் அறையை, நோயாளியின் மேல் இரத்த அழுத்தத்தைவிட 100 கூடுதலாக ஏற்றுங்கள். வழக்கமாக அது 250ஐ ஒட்டி வரும். எஸ்மார்க் கட்டை அவிழ்த்ததும் கை வெளுத்திருக்க வேண்டும், மணிக்கட்டில் நாடி இருக்கக் கூடாது. நாடி தெரிந்தாலோ சிரைகள் புடைத்தாலோ மருந்தைத் தொடாதீர்கள். அவிழ்த்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

இப்போது மருந்தை இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாகச் செலுத்துங்கள். செலுத்தத் தொடங்கிய நேரத்தைப் பலகையில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். தோலில் வெள்ளையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகப் படரும். அது மருந்து பரவும் அறிகுறி, அஞ்ச வேண்டியதில்லை. நோயாளி கை சூடாகிறது என்பார், பிறகு குறுகுறுப்பு, பிறகு கனம். முடிந்ததும் வென்ஃப்ளானை எடுத்து அந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். பத்து நிமிடம் பொறுத்து, ஊசி முனையால் சோதித்த பிறகே அறுவை மருத்துவரிடம் கையைக் கொடுங்கள். அவர் அவசரப்படுவார், அதைக் காதில் வாங்க வேண்டாம்.

இருபது முப்பது நிமிடத்தில் மேற்கையில் பட்டை வலிக்கத் தொடங்கும். காயத்தைவிட இதுவே நோயாளியை அதிகம் படுத்துவது. கீழ் அறை இருப்பது இதற்குத்தான். அதன் அடியிலுள்ள தோல் இதற்குள் மரத்திருக்கும். கீழ் அறையை முதலில் ஏற்றி, அது கெட்டியாக நிற்கிறதென்று கையால் தொட்டுப் பார்த்த பின்பே மேல் அறையை இறக்க வேண்டும். இந்த வரிசை மாறிய ஒரு நொடியில் மருந்து முழுவதும் உடலுக்குள் போய்விடும். இரண்டு குழாய்களும் ஒரே நிறத்தில் இருப்பதால் தவறு நேர்வது எளிது. மேல் குழாயில் சிவப்புப் பிளாஸ்டர், கீழ்க் குழாயில் வெள்ளைப் பிளாஸ்டர் சுற்றி வையுங்கள், மாற்றும்போது ஒருவர் சொல்ல மற்றவர் செய்யட்டும்.

கடிகாரம்

அறுவை ஐந்தே நிமிடத்தில் முடிந்தாலும், மருந்து செலுத்தி இருபது நிமிடம் ஆகும் முன் பட்டையை அவிழ்க்கவே கூடாது. முள்ளை எடுத்தாயிற்று, தையலும் போட்டாயிற்று, அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்ற நிலையில்தான் இந்த விதி மீறப்படுகிறது. நான் முப்பது நிமிடம் வரை வைத்திருப்பதையே விரும்புகிறேன். மறுபக்கம், ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி வைக்க நேரும் அறுவைக்கு இம்முறையைத் தேர்ந்தெடுப்பதே தவறு. தசைநார் பல அறுந்த கை வந்தால் முதலிலேயே அக்குள் வழியாகவோ காறை எலும்புக்கு மேலோ அல்ட்ராசவுண்ட் பார்த்து நரம்புக் கொத்தை மரக்கச் செய்யும் முறைக்குப் போய்விடலாம்.

இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் அவிழ்ப்பதானால் ஒரேயடியாக அவிழ்க்க வேண்டாம். பத்து நொடி இறக்கி, மீண்டும் ஏற்றி, ஒரு நிமிடம் நோயாளியிடம் பேசிப் பாருங்கள். பேச்சும் நாடியும் சரியாக இருந்தால் மறுபடியும் அவ்வாறே செய்து மூன்றாம் முறையில் முழுவதும் அவிழ்க்கலாம். நாற்பது நிமிடம் கடந்திருந்தால் மருந்தின் பெரும்பகுதி திசுக்களில் பிடிபட்டிருக்கும். அவிழ்த்த பிறகு அரை மணி நேரம் மானிகளைக் கழற்றக் கூடாது.

மருந்து உடலில் கலந்துவிட்டால்

உதடும் நாக்கும் மரத்தல், இரும்புச் சுவை, காதில் இரைச்சல், கண் மங்கல், குழறிய பேச்சு, காரணமில்லாத பதற்றம் அல்லது உறக்கம், பிறகு தசைத் துடிப்பு, வலிப்பு என்று படிப்படியாகவும் வரலாம். முன்னறிவிப்பின்றி நேரே வலிப்பாகவும், இதயத் துடிப்பு தளர்வதாகவும் வரலாம். பட்டை இறுக்கத்தில் இருந்தால் அப்படியே இருக்கட்டும், இறங்கியிருந்தால் ஏற்றுங்கள். நூறு விழுக்காடு ஆக்சிஜனும் திறந்த மூச்சுவழியும்தான் முதல் மருந்து. வலிப்புக்கு மிடாசோலத்தைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்.

இதயம் தடுமாறும் அறிகுறி தெரிந்தால் 20 விழுக்காடு கொழுப்புக் குழம்பைக் கிலோவுக்கு 1.5 மி.லி. வீதம் இரண்டு மூன்று நிமிடத்தில் கொடுத்து, பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மி.லி. வீதம் தொடர வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு முதல் அளவு 75 மி.லி.; மொத்தம் கிலோவுக்கு 12 மி.லி.யைத் தாண்டக் கூடாது. இந்த எண்களை எழுதி அக்குழம்புப் பையின் மேலேயே ஒட்டி வையுங்கள்; அந்த நேரத்தில் யாருக்கும் பெருக்கல் வராது. நாடி நின்றுவிட்டால் மார்பை அழுத்தும் சிகிச்சையை விடாமல் நெடுநேரம் தொடர வேண்டும். அட்ரினலினைச் சிறிய அளவுகளில் பயன்படுத்த வேண்டும். இந்நிலையில் வந்தவர்கள் ஒரு மணி நேரம் கழித்தும் மீண்டிருக்கிறார்கள்.

அரிவாள் செல் உள்ளவருக்கு என்ன செய்வது

பட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதாது, மாற்றைச் சொல்ல வேண்டும். உள்ளங்கையிலோ விரல்களிலோ சிறிய வேலையென்றால் மணிக்கட்டில் நடு நரம்பு, உல்னா நரம்பு, ஆரை நரம்பு மூன்றையும் அட்ரினலின் கலக்காத லிக்னோகெயினால் தனித்தனியே மரக்கச் செய்யலாம். அதற்கு மேல் என்றால் அக்குள்வழி மரப்பு. பட்டை இல்லாததால் களத்தில் இரத்தம் கசியும். அறுவை மருத்துவர் சற்றுப் பொறுமையாக, கையை உயர்த்தி வைத்து வேலை செய்ய வேண்டியிருக்கும். இப்போது பரவலாகிவரும், அட்ரினலின் கலந்த மருந்தைக் காயத்தைச் சுற்றிப் போட்டுப் பட்டையே இல்லாமல் செய்யும் முறை மற்றவர்களுக்கு மிக நல்லது. ஆனால் இரத்தக்குழாயைச் சுருக்கும் அந்த மருந்தை இந்நோயாளிகளின் விரல்களில் போட எனக்கு மனம் வருவதில்லை. உடல் சூடு, போதிய நீர், ஆக்சிஜன் மூன்றையும் தியேட்டருக்குள் மட்டுமல்லாமல் வார்டிலும் கவனியுங்கள். வெறும் வயிற்றில் காலையிலிருந்து காக்க வைக்காமல் பட்டியலில் அவரை முதலாவதாகப் போட்டு, முந்தைய இரவிலிருந்தே சலைன் ஏற்றி வைப்பது நல்லது.

வீட்டுக்கு அனுப்பும்போது

பட்டையை அவிழ்த்துப் பத்து நிமிடத்துக்குள் வலி திரும்பிவிடும் என்பது இம்முறையின் பெரிய குறை. அவிழ்க்கும் முன்பே அறுவை மருத்துவர் காய விளிம்பில் சிறிது மரப்பு மருந்து போடலாம். ஆனால் அதையும் மொத்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பாராசிட்டமாலை அறுவை தொடங்கும் முன்பே கொடுத்துவிட்டால் வலி திரும்பும் நேரத்தில் அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும். விரல்கள் இளஞ்சிவப்பாகி, உணர்வும் அசைவும் முழுவதும் திரும்பி, நின்றால் தலை சுற்றாமல், ஒரு டீயும் பிஸ்கட்டும் வயிற்றில் தங்கிய பிறகே அனுப்ப வேண்டும்; குறைந்தது இரண்டு மணி நேரமாவது கண்காணிப்பில் இருக்கட்டும்.

தனியாக அனுப்பக் கூடாது. கையைத் தூளியில் கட்டிக்கொண்டு வளைவுகளில் ஆடும் பேருந்தில் நின்றபடி கம்பியைப் பிடிக்க முடியாது என்பதையும், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து தோட்டத்து லைன் வீட்டுக்கு இருட்டில் இறங்க வேண்டியிருக்கும் என்பதையும் நாம்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு அறுவை நேரத்தைக் குறியுங்கள். அது போய்விட்டால் இரவு வார்டில் தங்க வைத்துவிடுங்கள். விரல் நீலமானாலோ, மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரலை அசைக்க முடியாமல் கட்டுக்குள் கை இறுகினாலோ காலை வரை காத்திராமல் உடனே திரும்பி வர வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி, கூட வந்தவர் கையில் கொடுத்து, அவரையே ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.